பழைய பிரிட்டிஷ் கறிக்கடைகளின் டைல்ஸ் சுவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய கடைவீதிகளில் காபிக்கடை என்று நினைத்து உள்ளே போனால், சுவரில் ஒரு காளைத் தலை நம்மை முறைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாக டைல்ஸ், உத்தரத்தில் காலியான இரும்புக் கம்பிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் அது கறிக்கடை. இந்தக் கடைகளின் கட்டட அமைப்பைப் பற்றியும் டைல்ஸ் வேலையைப் பற்றியும் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எந்தக் காலத்துக் கடைகள் இவை?

பெரும்பாலும் 1870-களிலிருந்து முதல் உலகப்போர் வரை கட்டியவை. அதாவது விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசிப் பகுதியும், அவர் மகன் எட்வர்ட் காலமும். அதற்கு முன்பு கறிக்கடை என்றால் சுண்ணாம்பு அடித்த சுவர், மரப்பலகை, திறந்த முகப்பு, அவ்வளவுதான். 1920, 30-களில் இரண்டாவது அலை ஒன்று வந்தது. அந்தக் கடைகளில் வளைவு நெளிவுகள் குறைந்து நேர்கோடுகள் கூடியிருக்கும், நிறமும் வெளிறியிருக்கும்.

கறி விற்க எதற்கு இத்தனை அலங்காரம்?

பயம்தான் காரணம். வாங்குபவரின் பயம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன்காரர்களுக்கு இறைச்சி என்றால் நினைவுக்கு வந்தது ஸ்மித்ஃபீல்ட் சந்தை. ஊர் நடுவே உயிருள்ள மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து விற்றார்கள். சுற்றியிருந்த சந்துகளிலேயே அறுத்தார்கள். சாக்கடையில் ரத்தம் ஓடியது. காலரா அடிக்கடி வந்துபோன ஊரில் இது எவ்வளவு நாள் தாங்கும்? 1855-ல் கால்நடைச் சந்தையை இஸ்லிங்டன் பக்கம் மாற்றினார்கள். பழைய இடத்தில் ஹொரஸ் ஜோன்ஸ் வடிவமைத்த இறைச்சி மொத்தச் சந்தை 1868-ல் திறக்கப்பட்டது. பிற்பாடு டவர் பிரிட்ஜுக்கு வரைபடம் போட்டவரும் இவர்தான்.

1875-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, கெட்டுப்போன கறியைப் பார்த்தால் அதிகாரி அங்கேயே பறிமுதல் செய்யலாம். 1882-ல் டனீடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து சுமார் 5000 உறைந்த ஆட்டு உடல்களைக் கெடாமல் லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இனி கறி எந்த நாட்டிலிருந்து வருகிறது, எப்போது அறுத்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கடைக்குப் போய், கண்முன்னே தொங்கும் ஆட்டைப் பார்த்து “தொடையில போடுங்க” என்று சொல்லி வாங்குகிறோமே, அந்த நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

அந்த நம்பிக்கையை மீட்க கடைக்காரருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அழுக்கு பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும் சுவர், வாளித் தண்ணீரை வீசினால் கழுவிக்கொள்ளும் சுவர், வாசலில் நிற்பவருக்கே “இங்கே மறைக்க ஒன்றுமில்லை” என்று சொல்லும் சுவர். டைல்ஸ் இந்த மூன்றையும் செய்தது. அலங்காரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

கறிக்கடைக்காரர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. பால், வெண்ணெய் விற்றவர்களும் செய்தார்கள். இன்றைக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட்டாக இருக்கும் செயின்ஸ்பரிஸ், 1882-ல் குரோய்டனில் திறந்த கிளையை டைல்ஸ் சுவர், மொசைக் தரை, பளிங்கு மேடை என்று இழைத்தது. அதைப் பார்த்துத்தான் மற்றக் கடைகளும் போட்டியில் இறங்கின என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஆனால் மளிகைக்கடை இப்படி மின்னும்போது பக்கத்துக் கறிக்கடை மட்டும் சுண்ணாம்புச் சுவரோடு நின்றால் எப்படி எடுபடும்?

டைல்ஸ் போட்டால் கடை குளுமையாக இருக்குமா?

இருக்காது. தொட்டால் சில்லென்று இருக்கும். அது நம் கையின் சூட்டை டைல்ஸ் வேகமாக இழுப்பதால் வரும் உணர்வு. அறையின் வெப்பத்தை அது குறைப்பதில்லை. குளிர்ச்சிக்கு அந்தக் கடைக்காரர்கள் நம்பியது நிழலையும் காற்றோட்டத்தையும் பனிக்கட்டியையும்தான்.

கட்டடம் எப்படி இருந்தது?

தெருவிலிருந்தே தொடங்குவோம். கறிக்கடைக்காரர் இடம் பார்க்கும்போது தெருவின் எந்தப் பக்கம் வெயில் படாது என்றுதான் முதலில் பார்ப்பார். வெயில் பக்கம்தான் கிடைத்தது என்றால் முகப்புக்கு மேலே சுருட்டி விரிக்கும் துணிப் பந்தல் கட்டாயம் இருக்கும்.

மற்றக் கடைகள் பெரிய கண்ணாடி போட்டு மூடிக்கொண்ட காலத்திலும் கறிக்கடை முகப்பு திறந்தே இருந்தது. 1845-ல் கண்ணாடி மீதான வரி நீங்கியபின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அகலக் கண்ணாடிக்கு மாறின. கறிக்கடையில் காற்று ஓட வேண்டும் என்பதால், சட்டத்தோடு மேலே தூக்கித் திறக்கும் சன்னலை வைத்தார்கள். காலையில் அதைத் தூக்கிவிட்டால் முகப்பு முழுக்கத் திறப்பு. சன்னலுக்கு உள்ளே தெருப்பக்கமாகச் சற்றே சரிந்த பளிங்குப் பலகை இருக்கும். அதன்மேல்தான் வெட்டிய கறியை அடுக்குவார்கள். சரிவு எதற்கென்றால், தெருவில் நடப்பவர் கண்ணுக்குக் கறி நேராகப் படவும், கழுவிய தண்ணீர் தானாக வடியவும்.

சன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குச் சுவர். தெருச் சேறும் வண்டிச் சக்கரம் தெறித்த அழுக்கும் அங்கேதான் படும் என்பதால் அதற்கு அடர்நிற டைல்ஸ், பெரும்பாலும் கரும்பச்சை அல்லது பழுப்பு. இருபக்கத் தூண்களிலும் டைல்ஸ். தூணின் உச்சியில் சுடுமண்ணில் வார்த்த காளைத் தலையோ கிடாத் தலையோ. பெயர்ப்பலகைக்கு அடியில் இரும்பில் பூவேலை செய்த காற்றுச் சல்லடை. இந்தச் சல்லடையைப் பலரும் வெறும் அழகு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். கடை பூட்டியிருக்கும் இரவில் உள்ளே தொங்கும் கறிக்கு அந்தச் சல்லடை வழியாகத்தான் காற்று.

உள்ளே உத்தரத்தை ஒட்டி இரும்புக் கம்பிகள், அவற்றில் நகரும் கொக்கிகள். பின்கட்டிலிருந்து முழு உடலைத் தோளில் சுமக்காமல் கம்பியிலேயே தள்ளிக்கொண்டு முன்னே கொண்டுவரலாம். அறுக்கும் இடம் பெரும்பாலும் கடைக்குப் பின்னால் ஒரு முற்றத்தில் இருந்தது. கட்டடத்தின் பக்கவாட்டில் வண்டி நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தால் காரணம் அதுதான். மாடு அந்த வழியாகத்தான் உள்ளே போனது. மாடியில் கடைக்காரர் குடும்பம்.

ஒரு மூலையில் மரமும் கண்ணாடியுமாக, ஓர் ஆள் மட்டும் உட்காரும் அளவுக்குக் கூண்டு போன்ற சிற்றறை. அதுதான் கல்லா. கறி வெட்டிய கை காசைத் தொடாது, காசு எண்ணும் கை கறியைத் தொடாது. கடைக்காரரின் மனைவியோ மகளோ அங்கே கணக்கோடு உட்கார்ந்திருப்பது வழக்கம். என்னைக் கேட்டால், அத்தனை டைல்ஸையும்விடச் சுகாதாரத்துக்கு அதிகம் உதவியது இந்தக் கூண்டுதான்.

சுவரில் டைல்ஸை எந்த வரிசையில் ஒட்டினார்கள்?

கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் உட்பக்கம் குழிந்த டைல்ஸ். மூலை கூராக இருந்தால் அங்கே கொழுப்பும் மரத்தூளும் அடையும். குழிவாக இருந்தால் துடைப்பம் வழித்துக்கொண்டு போய்விடும். சுவரின் வெளிமூலைகளில் முனை மழுங்கிய டைல்ஸ் இருக்கும். கறியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவர் இடித்தாலும் டைல்ஸ் உடையக் கூடாதே.

இடுப்பு உயரம்வரை அடர்நிறம். அதற்குமேல் பட்டையாக ஒரு வரி, புடைப்பு வேலையோடு. அப்புறம் வெள்ளை அல்லது பால்நிறப் பரப்பு. இதுதான் கடையின் பெரும்பகுதி, கறி தொங்கும்போது அதற்குப் பின்புலமாக நிற்பதும் இதுதான். உச்சியில் பூமாலையோ இலைக்கொடியோ ஓடும் பட்டை. நடுநடுவே, பல டைல்ஸைச் சேர்த்துத் தீட்டிய ஓவியப் பலகைகள்.

பச்சை நிறம் ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும். இன்றைக்கும் கறித் தட்டுகளுக்கு இடையே பிளாஸ்டிக் இலைகளைச் செருகி வைப்பது இதற்காகத்தான்.

சுவர் டைல்ஸின் வழக்கமான அளவு 6 அங்குலச் சதுரம். பட்டைகளுக்கு அதில் பாதி. தரைக்கு இந்த மினுமினுப்பு ஆகாது, வழுக்கும். அங்கே பூச்சு இல்லாத, களிமண்ணுக்கே நிறம் சேர்த்துச் சுட்ட சிறு சதுரங்களும் முக்கோணங்களும் பதித்தார்கள். அதன்மேல் தினமும் புதிதாக மரத்தூள். சொட்டும் ரத்தத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், மாலையில் கூட்டி அள்ளிவிடலாம். காசு செலவழித்துப் பதித்த தரைக்கோலத்தை மரத்தூள் போட்டு மூடியதுதான் வேடிக்கை. வாசற்படியில் மட்டும் கடைக்காரர் பெயர் மொசைக்கில் பளிச்சென்று தெரியும்.

இந்த டைல்ஸை எப்படிச் செய்தார்கள்?

1840-ல் ரிச்சர்ட் பிராஸர் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஈரக் களிமண்ணைப் பிசைந்து அச்சில் போடாமல், கிட்டத்தட்டக் காய்ந்த களிமண் பொடியைத் திருகு அழுத்தியில் வைத்து இறுக்கும் முறை அது. ஈரம் குறைவு என்பதால் சூளையில் டைல்ஸ் அதிகம் சுருங்காது, கோணாது. ஸ்டோக் ஆன் ட்ரென்ட் ஊரைச் சேர்ந்த ஹெர்பர்ட் மின்டன் இதன் அருமையை உடனே புரிந்துகொண்டு அந்தக் காப்புரிமையில் பங்கு வாங்கினார். ஒரே அளவில் லட்சக்கணக்கான டைல்ஸ் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது இதற்குப் பின்தான்.

முதல் சூட்டில் வெறும் சுடுமண் பலகை. அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சைத் தடவி மறுபடியும் சுடுவார்கள். மின்டன் தொழிற்சாலையில் லியோன் ஆர்னூ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய மஜோலிகா வகை, 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் பெயர் வாங்கியது. புடைப்பு வேலை செய்த பரப்பில் தடித்த நிறப் பூச்சை ஊற்றினால், பள்ளத்தில் அது தேங்கிக் கருமையாகும், மேட்டில் மெலிந்து வெளிறும். ஒரே நிறம், ஆனால் ஒளியும் நிழலுமாகப் பத்து நிறம் போலத் தெரியும். பழைய கடையின் பச்சை டைல்ஸை விரலால் தடவிப் பாருங்கள், இது கைக்கே தெரியும்.

இன்னொரு முறை குழாய்க் கோடு. ரப்பர்ப் பையில் குழைத்த களிமண்ணை நிரப்பி, நுனியில் மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, டைல்ஸ்மேல் கோடு இழுப்பார்கள். மருதாணிக் கூம்பால் கையில் போடுவதுபோலத்தான். அந்தக் கோடுகள் வரப்பாக நிற்க, இடையிலுள்ள பாத்திகளில் ஒவ்வொரு நிறமாக ஊற்றுவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காது.

பெரிய ஓவியப் பலகைகள் முழுக்கக் கைவேலை. காகிதத்தில் படத்தை முழு அளவில் வரைந்து, கோடுகள் நெடுக ஊசியால் துளையிடுவார்கள். பிறகு டைல்ஸை வரிசையாக அடுக்கி, காகிதத்தை மேலே வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும். அதன்மேல் தூரிகை. சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு டைல்ஸின் முதுகிலும் எண் போடுவார்கள். இல்லாவிட்டால் சுவரில் ஒட்டுகிற மேஸ்திரி காளையின் கொம்பை அதன் வாலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாரே! சூளையில் ஒன்று வெடித்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி தீட்ட வேண்டும், நிறம் மற்றவற்றோடு பொருந்தவும் வேண்டும். சில பலகைகளில் ஒரு சதுரம் மட்டும் கொஞ்சம் நீலம் கூடியிருப்பதைக் காணலாம்.

இந்த மினுமினுப்புக்குப் பின்னால் ஈயம் இருந்தது. பூச்சில் ஈயம் கலந்ததால்தான் அந்த ஆழமும் பளபளப்பும். அதைத் தொட்டும் மூச்சில் இழுத்தும் வேலை செய்தவர்கள், அவர்களில் பெண்கள் பலர், ஈய நஞ்சால் அவதிப்பட்டார்கள். 1890-களின் இறுதியிலிருந்துதான் அரசு விதிகள் இறுகின. வாங்குகிறவரின் உடல்நலத்துக்காக ஒட்டிய டைல்ஸ், செய்கிறவரின் உடலைக் கெடுத்தது.

படங்களில் எல்லாம் உயிருள்ள விலங்குகள்தானே? அறுப்பதைக் காட்டவே மாட்டார்களா?

காட்டமாட்டார்கள். புல்வெளியில் மேயும் ஆடு, ஓடையில் தண்ணீர் குடிக்கும் மாடு, மேய்ப்பன், நாய், தூரத்தில் தேவாலயக் கோபுரம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, சந்தைகூட இல்லை. படத்துக்குக் கீழே நிஜ ஆடு தோலுரிந்து தொங்கும்.

இதைப் போலித்தனம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலில் உறைந்து வந்த கறிக்கு நடுவே “என்னுடையது உள்ளூர்ப் பண்ணைக் கறி” என்று சொல்ல விரும்பியவரின் விளம்பரம் அது. பெயர்ப்பலகையில் குடும்பக் கறிக்கடைக்காரர் என்று எழுதிக்கொண்டதும் அதே எண்ணத்தில்தான். ஆனால் இதில் ஒரு குறும்பு உண்டு. வெளிநாட்டு உறைகறி விற்ற சங்கிலிக் கடைகளும் அதே புல்வெளிப் படங்களைத்தான் மாட்டின. சுவரைப் பார்த்து உள்ளூர்க் கறி என்று நம்பியவர் ஏமாந்திருப்பார்.

சில கடைகளில் பன்றி மட்டும் இருக்கிறதே?

அது தனித் தொழில். மாடு, ஆடு விற்பவர் வேறு, பன்றிக்கறி விற்பவர் வேறு. பன்றிக்கறிக் கடைகளில் தொத்திறைச்சி, வேகவைத்த கறி, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ‘பை’ (pie) போன்ற தயார் உணவும் விற்றதால் சமையலறையும் சேர்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் நிறைய. அதிலும் ஹோஹன்லோஹ என்ற சிறு வட்டாரத்திலிருந்து வந்தவர்கள், ஒருவர் பின்னால் ஒருவராக, மாமன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1915 மே மாதம் லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்ததும் லிவர்பூல், லண்டன் போன்ற ஊர்களில் கும்பல்கள் இவர்களின் கடைகளை அடித்து நொறுக்கின. அந்தப் பெயர்கள் வாசற்படிகளிலிருந்து காணாமல் போனதற்கு அது ஒரு காரணம்.

ஹாரட்ஸ் இறைச்சிக் கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இந்த வகையின் உச்சம் என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் உள்ள ஹாரட்ஸ் பேரங்காடிக் கட்டடம் சி. டபிள்யூ. ஸ்டீஃபன்ஸ் வரைந்தது. வெளிச்சுவரின் சுடுமண் வேலை டோல்டன் என்ற மண்பாண்ட நிறுவனத்துடையது. உள்ளே இறைச்சிக் கூடத்தின் டைல்ஸும் டோல்டனுடையதே. வடிவமைத்தவர் வில்லியம் ஜேம்ஸ் நீட்பி.

நீட்பி 1860-ல் பார்ன்ஸ்லியில் பிறந்தவர். முதலில் கட்டடக் கலைஞராகப் பயிற்சி, பிறகு லீட்ஸ் நகரில் பர்மன்டாஃப்ட்ஸ் மண்பாண்ட ஆலை, 1890 முதல் லண்டன் லாம்பெத்தில் டோல்டனின் கட்டடச் சுடுமண் பிரிவு. நாரிச் ராயல் ஆர்கேட், பிரிஸ்டலில் எவரார்ட் அச்சகத்தின் முகப்பு ஆகியவையும் இவர் கைவண்ணம். அந்த அச்சக முகப்பில் ஒரு பக்கம் கூட்டன்பெர்க்கும் மறுபக்கம் வில்லியம் மாரிஸும் அச்சு வேலை பார்க்கிறார்கள். ஆக, ஹாரட்ஸுக்கு வரும்போது, தொழிலின் கதையைச் சுவரில் சொல்வது இவருக்குப் புதிதில்லை.

1902-ஐ ஒட்டி முடிந்த இந்தக் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால் வட்டம் வட்டமாக வேட்டையும் மேய்ச்சலுமாகக் காட்சிகள். அவற்றைச் சுற்றி, கொடிபோல வளையும் கோடுகளைக் கொண்ட ஆர்ட் நூவோ பாணியில் மரங்கள், பறவைகள், மீன்கள். கிளைகள் இயற்கையில் வளர்வதுபோல வளரவில்லை, ஒழுங்காக வளைந்து பக்கத்து மரத்தைத் தொடுகின்றன. பளபளப்பு குறைந்த, முட்டையோடு போன்ற பூச்சு என்பதால் மேலே விளக்கு எரிந்தாலும் கண் கூசாது. இது சின்ன விஷயமில்லை. சாதாரணக் கறிக்கடையில் கழுவ வசதியாகப் பளபளப்பு தேவை. இங்கே அத்தனை உயரத்தில் யாரும் வாளித் தண்ணீர் வீசப்போவதில்லை, படம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

கட்டடம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சீரமைப்பில் கூடம் உணவருந்தும் இடமாக மாறியது. டைல்ஸ் அப்படியே இருக்கிறது, கீழே கறி இல்லை.

என் கணக்கில் இது அற்புதமான டைல்ஸ் வேலை, ஆனால் சிறந்த கறிக்கடை இல்லை. சிற்றூர்க் கடையில் ஒவ்வொரு டைல்ஸும் ஒரு வேலை செய்தது. அடிக்கட்டு சேற்றைத் தாங்கியது, குழிவு தூசியை அடையவிடவில்லை, வெள்ளை கறியை எடுத்துக்காட்டியது. ஹாரட்ஸில் படங்கள் படங்களாக இருந்தால் போதும் என்ற வசதி இருந்தது.

டைல்ஸின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரிலிருந்து கழன்ற ஒன்று கிடைத்தால் முதுகைப் பாருங்கள். மின்டன், மா (Maw), கிரேவன் டன்னில் போன்ற ஆலைகளின் பெயர் பதிந்திருக்கலாம். வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த டைல்ஸின் வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவானது. 1884 முதல் வைரம் போய், வெறும் பதிவு எண் வந்தது. ஆனால் ஒன்று, முத்திரை காட்டுவது வடிவமைப்பைப் பதிவு செய்த காலத்தை. டைல்ஸைச் சுட்டது பத்து வருஷம் கழித்தும் இருக்கலாம். ஓவியப் பலகையாக இருந்தால் கீழ் மூலையில் நிறுவனப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். லண்டன் கடைகளில் டபிள்யூ. பி. சிம்ப்சன் என்ற பெயரைத் தேடுங்கள்.

சுவரிலிருந்து பெயர்த்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்து டைல்ஸ் என்றால் பூல் நகரத்துக் கார்ட்டர் நிறுவனத்தின் பண்ணை விலங்குப் படங்கள் பரவலாக உண்டு. தனித்தனி 6 அங்குல டைல்ஸில் ஒரு கோழி, ஒரு பன்றி, ஒரு ஆடு என்று வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே பதித்திருப்பார்கள். பழைய பெரிய பலகைகளைவிட மலிவு, பார்க்கவும் சிரித்த முகம்.

இந்தக் கடைகள் ஏன் மறைந்தன?

திறந்த முகப்புக்கு முதல் அடி 1924-ல் வந்த இறைச்சி விதிமுறைகள். தூசி, ஈ, அழுக்கு படாமல் கறியைப் பாதுகாக்க வேண்டும் என்றதும் கண்ணாடி மூடத் தொடங்கியது. பிறகு மின்குளிர்ப்பெட்டி, அப்புறம் சூப்பர்மார்க்கெட். 1960, 70-களில் பழைய டைல்ஸ் பார்க்கப் பொதுக்கழிப்பறை போல இருக்கிறது என்ற எண்ணம் வந்து, பலகை அடித்து மூடினார்கள், மேலே பெயின்ட் பூசினார்கள், சிலர் உடைத்தே போட்டார்கள். பலகை அடித்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பலகையைப் பெயர்க்கும்போதுதான் இன்று பல சுவர்கள் வெளியே வருகின்றன.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

கட்டடம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் உண்டு. சுவரில் ஒட்டிய டைல்ஸ் கட்டடத்தின் பகுதியாகக் கருதப்படும். அனுமதி இல்லாமல் எடுத்தால் குற்றம், 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பட்டியலில் இல்லாத கடை என்றால் உரிமையாளரின் மனசுதான் காவல். 1981-லிருந்து இயங்கும் டைல்ஸ் ஆர்வலர் சங்கம் ஒன்று இத்தகைய சுவர்களைத் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது.

வாடகைக்கு எடுத்த கடையில் பழைய டைல்ஸ் வெளிப்பட்டது. என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், உள்ளூர் நகராட்சியில் கட்டடம் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் காரமில்லாத சோப்பும் மென்துணியும் போதும். அமிலம் கலந்த கழிவறைத் திரவம், இரும்பு நார், மணல் வீச்சு மூன்றும் வேண்டாம். பூச்சில் சிலந்தி வலை போன்ற மெல்லிய விரிசல்கள் இருக்கும், அது வயதின் இயல்பு. அதன் வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே போனால்தான் கறை நிற்கும்.

விரிசல் விட்ட இணைப்புகளைக் கெட்டியான சிமென்ட்டால் அடைக்காதீர்கள். சிமென்ட் டைல்ஸைவிடக் கடினம், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் உடைவது டைல்ஸ்தான். சுண்ணாம்புக் கலவை விட்டுக்கொடுக்கும். கொக்கி மாட்ட டிரில் போட்ட ஓட்டைகளை மறைக்க, அதே நிறத்தில் நிரப்பினால் போதும், டைல்ஸை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதிதாகச் செய்யச் சொல்லலாம். ஆனால் ஈயம் இல்லாத இன்றைய பூச்சில் பழைய பச்சையைக் கொண்டுவருவது பெரும்பாடு. மாதிரி சுட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். அதோடு களிமண் சூளையில் சுருங்கும் என்பதால், உடைந்ததை வைத்து நேரடியாக அச்சு எடுத்தால் புதியது சின்னதாகிவிடும்.

இங்கிலாந்துக்கு வெளியே இப்படிக் கடைகள் உண்டா?

ஐரோப்பா முழுக்க உண்டு. புகழ்பெற்றது கறிக்கடை இல்லை, பால்கடை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஃபுண்ட் சகோதரர்களின் பால் பண்ணைக் கடையில் சுவர், கூரை, மேடை எல்லாம் சேர்ந்து சுமார் 248 சதுர மீட்டர் கைவண்ண டைல்ஸ். செய்தது டிரெஸ்டனில் இருந்த வில்லராய் அண்ட் போக் ஆலை. உலகின் மிக அழகான பால்கடை என்று 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர் டைல்ஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தொழில்நுட்பத்தில் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இருக்கும் புடைப்புப் பூ டைல்ஸ் இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. பொடியை அழுத்திச் செய்து நிறப் பூச்சு ஊற்றும் அதே முறைதான். ஆங்கிலேய வடிவங்களைப் பார்த்துக் கற்ற ஜப்பானிய ஆலைகள், 1920-களில் மலிவாக ஆசியச் சந்தைக்கு அனுப்பின. ரவி வர்மா அச்சுப்படங்களைப் பார்த்து லட்சுமி, கிருஷ்ணன் உருவங்களையும் டைல்ஸில் செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர், பினாங்கில் பழைய கடைவீடுகளின் முகப்பில் இருப்பதும் இந்தக் குடும்பம்தான்.

ஆத்தங்குடி டைல்ஸ் வேறு. அது சிமென்ட்டில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளையே கிடையாது.

எங்கே போனால் பார்க்கலாம்?

ஒரே இடத்தில் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஷ்ராப்ஷயரில் ஜாக்ஃபீல்ட் டைல்ஸ் அருங்காட்சியகம். 1870-களில் கட்டிய கிரேவன் டன்னில் ஆலையே இன்று அருங்காட்சியகம். பக்கத்திலேயே மா நிறுவனம் 1883-ல் திறந்த ஆலை, அக்காலத்தில் உலகிலேயே பெரியது. டைல்ஸ் செய்யும் வேலையும் ஜாக்ஃபீல்டில் இன்றும் நடக்கிறது.

மற்றபடி கடைவீதியில் நடக்கும்போது கண்ணைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். மேலே புது பெயர்ப்பலகை, செல்போன் கடையாகக்கூட இருக்கும். சன்னலுக்குக் கீழே முழங்கால் உயரச் சுவரையும் வாசற்படியையும் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. கரும்பச்சை டைல்ஸும் மொசைக்கில் ஒரு பெயரும் தெரிந்தால் உள்ளே போய் உத்தரத்தில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெரும்பாலும் அவரே பின்கட்டுச் சுவரையும் காட்டுவார்.